மஞ்சள் கறையும் பட்டுச் சேலையும்

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிப் படித்துறைகளில் சுமங்கலிப் பெண்கள் பழைய தாலிக் கயிற்றைக் களைந்து புதிய மஞ்சள் கயிறு அணிவது நம் தஞ்சைத் தரணியின் நெடுநாள் வழக்கம். அதற்கு மறுநாள் துணி துவைக்கும் கல்லருகே வேறொரு காட்சியைக் காணலாம். கழுத்தோரம் மஞ்சள் படிந்த ரவிக்கையைச் சவுக்காரம் கொண்டு தேய்க்கத் தேய்க்க, மஞ்சள் போவதற்குப் பதிலாகச் செக்கச் சிவந்து நிற்கும். கறை முற்றிவிட்டது என்று அஞ்சி, தேய்ப்பவர் இன்னும் பலமாகத் தேய்ப்பார். கறை போகாது, துணிதான் நைந்து போகும்.

இது அடுக்களை விஷயமாயிற்றே, கூட்டுறவு இதழில் இதற்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, தரம் பார்க்கும் மேஜை மீது ஒரு பட்டுச் சேலை விரிக்கப்பட்டிருந்தது. கணவனும் மனைவியுமாகப் பன்னிரண்டு நாட்கள் உழைத்து நெய்த சேலை. முந்தானையில் உள்ளங்கையகலம் இழைகள் பிரிந்து, தொட்டால் பொடியும் நிலையில் இருந்தன. பக்கத்து ஜரிகை கறுத்திருந்தது. நடந்தது இதுதான். தறிக்குழியிலேயே அமர்ந்து உண்ணும்போது சாம்பார் ஒரு துளி தெறித்தது. அம்மையார் பதறிச் சவுக்காரத்தால் தேய்த்தார், கறை சிவந்தது. அண்டை வீட்டார் ஒருவர் யோசனை கூற, கிணற்றில் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தடவினார். மஞ்சளும் போயிற்று, பட்டும் போயிற்று. உபவிதிப்படி கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. பிடித்தம் விதிப்படி சரியானதே என்று நாமே குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். அந்த நெசவாளர் ஒன்றும் பேசவில்லை. 'இதற்கு என்ன செய்திருக்க வேண்டும் ஐயா?' என்று மட்டும் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. பட்டம் பெற்றவர்கள், ஆய்வாளர்கள் என்று பெயர். ஒரு துளி சாம்பாருக்கு மாற்றுத் தெரியவில்லை. பின்னர் சாயப் பட்டறையினரிடமும் ரசாயனம் பயின்ற நண்பர்களிடமும் கேட்டும், நம் வீட்டிலேயே பழந்துணிகளில் சோதித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, மஞ்சள் என்பது அழுக்கு அன்று, சாயம் என்பதாகும். பல இயற்கைச் சாயங்கள் நூலில் பிடிப்பதற்குப் படிகாரம் போன்ற துணைப்பொருள் வேண்டும். மஞ்சளுக்கு அதுவும் வேண்டுவதில்லை. பருத்தி, பட்டு, கம்பளி எதுவாயினும் நேராகவே ஏறிக்கொள்ளும். மஞ்சள் கிழங்கில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை உள்ள குர்குமின் என்னும் பொருளே இந்த நிறத்துக்குக் காரணம். 1815-ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியர் என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல்தான் தெளிவாயிற்று. இப்பொருள் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தாளித்த எண்ணெய் மிதக்கும் குழம்பு துணியில் விழும்போது, எண்ணெய் இழைக்குள் புகுகிறது. அதன் மேலேறி மஞ்சளும் உள்ளே புகுந்துவிடுகிறது. வெறுந் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் பயனில்லாமற் போவது இதனால்தான்.

சவுக்காரம் பட்டதும் சிவப்பது ஏன்? இதற்கு விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்க்கிறோம். உடனே நீர் சிவக்கிறது. சுண்ணாம்பு காரப் பொருள். சவுக்காரமும் சலவைச் சோடாவும் அவ்வாறே. காரம் பட்டால் சிவப்பதும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாவதும் குர்குமினின் இயல்பு. சந்தேகமுள்ளவர்கள் ஆரத்தி நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். (குங்குமத்தின் சிவப்பு வேறு வகை. மஞ்சளுடன் வெங்காரம் சேருவதால் வருவது. அது எளிதில் மாறாது. மஞ்சள் தோய்த்த காகிதத்தைக் கொண்டு வெங்காரத்தைக் கண்டுபிடிப்பது ரசாயனக் கூடங்களில் பழைய சோதனை.) ஆகவே, சவுக்காரம் போட்டதும் கறை சிவந்தால் அது புதிய கறை அன்று, பழைய கறையே நிறம் மாறி நிற்கிறது. நன்றாக அலசினால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். இன்னும் சொல்லப்போனால், காரநீரில் குர்குமின் மெல்ல மெல்லச் சிதையவும் செய்கிறது. சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதே இல்லை. அன்று அந்த அம்மையார் சிவப்பைக் கண்டு பதறாதிருந்தால், பிளீச்சிங் பவுடர் வரை போயிருக்கவே மாட்டார்.

மஞ்சளுக்கு மெய்யான பகைவன் ஒருவன் உண்டு. அவன் கூலி கேட்பதில்லை. வெயிலைச் சொல்கிறோம். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்து நிறமிழக்கும். மஞ்சள் தோய்த்த துணி நாளடைவில் வெளுத்துப் போவதை எல்லோரும் கண்டிருக்கலாம். சாயத்துக்கு இது குறை. கறைக்கு இதுவே மருந்து.

பருத்தித் துணியில் கறை பட்டால் செய்ய வேண்டியது வருமாறு. குழம்பைக் கரண்டி முனையால் வழித்தெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எண்ணெயை உறிஞ்சுவதற்கு அரிசி மாவைத் தூவிக் கால் மணி நேரம் விட்டு உதறிவிட வேண்டும். பிறகு குளிர்ந்த நீரும் சவுக்காரமும் கொண்டு பதமாகக் கசக்கி, நன்கு அலசி, ஈரத்தோடேயே கறைப் பக்கம் மேலிருக்கும்படி வெயிலில் விரிக்க வேண்டும். உலர்ந்தால் மறுபடி நீர் தெளித்து விரிக்கலாம். தைப் பிறந்த பிறகு அடிக்கும் வெயிலில் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலான கறைகள் மறைவதைக் கண்டிருக்கிறோம். கறை முற்றும் நீங்குமுன் இஸ்திரி போடுவது கூடவே கூடாது; சூடு கறையை நிலைநிறுத்தும். சாயத்துணியாயின் வெயில் அச்சாயத்தையும் சிறிது மங்கச் செய்யும் என்பதை நினைவில் வைத்து, கறைப்பட்ட இடம் நீங்கலாக மற்றதை வேறு துணியால் மூடிவிடுவது நலம்.

வெள்ளைப் பருத்தி வேட்டியில் வெயிலுக்கும் மிஞ்சிக் கறை நின்றால் மட்டுமே பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுத்து, கறையை ஐந்து நிமிடம் நனைத்துப் பலமுறை அலச வேண்டும். ஜரிகைக் கரை உள்ள வேட்டிக்கு இது ஆகாது. எலுமிச்சை, புளி, வினிகர் போன்ற புளிப்புப் பொருள் எதனையும் இதனோடு கலக்கவே கூடாது. கலந்தால் எழும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டும் தனித்தனியே கறை போக்குகின்றன, சேர்த்தால் விரைவில் போகுமே என்று எண்ணுவோர் உண்டு. ஆதலின் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

இனிப் பட்டுக்கு வருவோம். நமது வட்டாரத்துக்கு இதுவே முக்கியம். கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் 1955-இல் தொடங்கிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை அறியாத அங்கத்தினர் இரார். திருபுவனம் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். வேடிக்கை என்னவெனில், ஈரோட்டு மஞ்சளுக்கும் அதே ஆண்டில்தான் அக்குறியீடு கிடைத்தது! இரண்டும் ஒரே ஆண்டில் சிறப்புப் பெற்றன என்பதற்காக அவற்றை ஒன்றாய்ச் சேரவிட வேண்டியதில்லை.

பருத்தி தாவர இழை. பட்டோ புழு நூற்ற புரத இழை. மயிர், நகம் போன்றவற்றின் இனம் என்று கொள்ளலாம். வன்மையான காரம் புரதத்தை அரிக்கும்; பிளீச்சிங் பவுடரின் குளோரின் அதனைக் கரைத்தே விடும். அம்முந்தானை பொடிந்தது இதனால். ஜரிகை கறுத்ததற்கும் அதுவே காரணம்: ஜரிகையின் வெள்ளியோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் பொருள் ஒளி பட்டதும் கறுக்கும். புளிப்பும் ஜரிகைக்கு ஆகாது. உள்ளிருக்கும் செம்பைத் தாக்கிப் பச்சை பூக்கச் செய்யும். ஆகவே பட்டுச் சேலையில் சலவைச் சோடா, கட்டிச் சவுக்காரம், பிளீச்சிங் பவுடர், ஜரிகையருகே எலுமிச்சை ஆகிய நான்கும் விலக்கு.

செய்யத் தக்கது என்ன? ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்து, அரிசி மாவு தூவி எண்ணெயை வாங்கிவிட வேண்டும். பின் பட்டுக்கென விற்கும் காரமற்ற சலவைத் திரவத்தைக் குளிர்ந்த நீரில் சில துளி விட்டு, பஞ்சினால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். மிஞ்சும் மஞ்சளுக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பயன்படுத்தலாம். மஞ்சள் அதில் கரையும். ஆனால் சேலையின் சாயமும் கரையக்கூடுமாதலால், உள்மடிப்பு ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். வெள்ளைப் பட்டாயின், இருபது வால்யூம் என்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு நீர் கலந்து, ஜரிகையில் படாமல் ஒற்றி, அலசிவிடலாம். இதற்கும் ஓரச் சோதனை அவசியம். கடைசியாக வெயில்: சேலை முழுவதையும் மூடி, கறையை மட்டும் திறந்து, காலை இளவெயிலில் நாளுக்கு ஒரு மணி நேரம். நெடு வெயில் பட்டையும் நலிவிக்கும். பொறுமையாகப் பல நாட்கள் செய்வதே முறை. இவற்றில் ஏதேனும் கைவராது என்று தோன்றினால், எதுவும் செய்யாமல் சங்கத்துச் சாயப் பட்டறைக்கோ உலர்சலவைக்காரரிடமோ கொண்டு சென்று, இது இன்ன கறை என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். கூலி பிடிப்பார்களோ என்று மறைத்துத் தாமே முயன்று கெடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

மாயூரத்துக் கூறைநாட்டுக் கூறைச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பட்டும் பருத்தியும் கலந்து ஓடும். திருமணத்தன்று உடுப்பது, மஞ்சள் படாமல் எப்படி இருக்கும்? பருத்திதானே என்று வன்மையாக வெளுக்க முற்பட்டால், பட்டு இழைகள் மட்டும் உதிர்ந்து துணி சல்லடையாகும். கலப்பு எதுவாயினும் பட்டாகவே பாவிக்க வேண்டும். புத்தாடையின் மூலையில் மங்கலத்துக்காக வைக்கும் மஞ்சளையும் உள்மடிப்பில் சிறு பொட்டாக வைத்தால் போதும். உலர்ந்த பிறகு மடித்தல் நலம்.

சில சங்கங்களுக்கு நாம் ஒரு யோசனை கூறியிருக்கிறோம். நெய்த பாகத்தின் மீது எப்போதும் வெள்ளைத் துணி போர்த்தியிருப்பதும், தறிக்கூடத்துக்கு வெளியே உண்பதற்கு ஒரு திண்ணை அமைப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். ஒரே அறையில் தறியும் அடுப்பும் உள்ள வீடுகளில் திண்ணைக்கு எங்கே போவது என்று ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. அத்தகைய வீடுகளுக்குப் போர்வைத் துணியையாவது சங்கமே வாங்கிக் கொடுக்கலாம். ஒரு சேலைப் பிடித்தத்தில் பல போர்வைகள் வாங்கலாம்.

தோலில் படியும் மஞ்சள் எளிது. மஞ்சள் வேகவைக்கும் குடியானவர்களும், பொங்கலுக்குக் கொத்து வெட்டுவோரும், முதலில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்து, அதன் மேல் பயற்றமாவோ சீயக்காயோ போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இரண்டொரு நாளில் மேல்தோலோடு தானே உதிரும். எலுமிச்சை தேய்ப்போர் கையை நன்கு கழுவிய பின்னரே வயலுக்குச் செல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாவதுண்டு. மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் தோலில் தொடவே வேண்டாம். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைவதே, வெயிலுக்கு அடங்குவதே. அதன் எரிச்சலும் தண்ணீருக்குப் போகாது. எண்ணெய் தடவித் துடைத்துப் பின் சவுக்காரம் போட்டால் தணியும். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது.

ஒரு சங்கடம் எஞ்சியிருக்கிறது. பட்டுச் சேலைகள் அதிகமாகக் கறைபடுவது தீபாவளியன்று. அதுவோ ஐப்பசி, அடைமழைக் காலம். நமது டெல்டாவில் வெயிலை எங்கே தேடுவது? அப்போது எண்ணெயை மட்டும் எடுத்து, ஒற்றி அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடாமல் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். மார்கழி கழிந்து வானம் வெளுத்ததும் எடுத்து, மேலே சொன்னபடி காலை வெயிலில் காட்டலாம்.