ஓட்டை இல்லாத சுவர் நிற்காது

ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மலையடிவாரத்தில் சரிவான மனை. மேல்பக்கத்து மண்ணைத் தாங்கப் பத்தடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறோம். மேஸ்திரி அதில் வரிசையாகக் குழாய் வைத்துவிட்டார். மழை பெய்தால் நாள்கணக்கில் ஒழுகுகிறது. சுவரெல்லாம் செம்மண் கறை, பாசி. இவ்வளவு செலவழித்துக் கட்டிய சுவரில் எதற்கு ஓட்டை? சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?”

அடைக்காதீர்கள். அந்தச் சுவரில் உருப்படியான வேலை பார்ப்பவை அந்த ஓட்டைகள்தான். பதில் இவ்வளவே. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஒரு கருங்கல் சுவரைப் பெயர்க்கும் கதை அது. எத்தனை தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கண்மாய்களுக்கு நடுவே சமதளத்தில் வளர்ந்த ஊர்கள். கிழக்கே போனால் கரிசல், மேற்கே போனால் செம்மண், அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. அய்யனார் கோயிலுக்குப் போகும் முடங்கியார் சாலைப் பக்கமானாலும், மம்சாபுரம், செண்பகத்தோப்பு வழியானாலும், மலையைப் பார்த்த மனை என்றால் இப்போது தனி மவுசு. மலை தெரியும் இடத்தில் சரிவும் இருக்கும் என்பதை விளம்பரப் பலகை சொல்வதில்லை.

சரிவைச் சமமாக்க வழக்கமான வழி ஒன்றுதான். ஜேசிபியை விட்டு மனையின் மேல்பாதியை வெட்டு. வெட்டிய மண்ணைக் கீழ்பாதியில் கொட்டு. சித்திரை வெயிலில் வெட்டிய செம்மண் எட்டடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். தட்டிப் பார்த்தால் கல். “இந்த மண்ணுக்குச் சுவரே தேவையில்ல சார்” என்பார் வண்டி ஓட்டுபவர். சித்திரைக்கு அவர் சொல்வது உண்மை. துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சூண்டு ஈரம், பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. பரப்பு இழுவிசைக்கு நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு வேண்டும். மழை இறங்கி இடுக்கெல்லாம் தண்ணீரால் நிரம்பினால் அந்தப் பரப்பே கிடையாது, பிடியும் கிடையாது. நம் வட்டாரத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மண் அதே மண்தான்; நடத்தை வேறு.

சரி, சுவரை மண் எவ்வளவு தள்ளுகிறது? நம் வாசகரின் பத்தடிச் சுவரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நன்றாக வடிந்த சரளை மண். எந்த ஆழத்திலும் மேலிருந்து அழுத்தும் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் திரும்பும். மிச்சத்தைத் துகள்களின் உராய்வு பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் சுமார் 2.7 டன் விசை. உயரத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. “இன்னும் ரெண்டு வரி ஏத்திருங்க” என்று மேஸ்திரியிடம் கடைசி நாளில் சொல்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில், சவுக்குக்கட்டைத் தடுப்புக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வீதி தடுப்பை நோக்கிச் சரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் காலை ஊன்றி, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து, தங்கள் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்களே சமாளிக்கிறார்கள். மிச்சம்தான் தடுப்பில் சாய்கிறது. இது வடிந்த மண். இப்போது வீதியில் மார்பளவு தண்ணீர் ஏறுகிறது. ஆட்கள் பாதி மிதக்கிறார்கள். பாரம் குறைந்ததால் அவர்கள் தள்ளுவதும் குறைகிறது. நல்லதுதானே என்கிறீர்களா? தண்ணீருக்குக் காலும் கிடையாது, பிடித்துக்கொள்ளத் தோளும் கிடையாது. அது தன் பாரத்தை அப்படியே முழுசாகத் தடுப்பின் மேல் சாய்க்கும். தடுப்பில் இடைவெளி விட்டால் தண்ணீர் வெளியேறிவிடும். ஆனால் வெறும் இடைவெளி என்றால் முதலில் பொடிசுகள் நழுவி வெளியே வருவார்கள், அவர்கள் நின்ற இடம் காலியாகும், பின்னால் நிற்கும் பெரியவர்கள் அதில் சரிவார்கள். ஆகவே இடைவெளியை ஒட்டித் தாட்டியான ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் நடுத்தர உடம்புக்காரர்கள், அதற்கும் பின்னால்தான் சின்னப் பிள்ளைகள் என்று நிறுத்த வேண்டும். சுவரில் இதற்குப் பெயர் வடிகட்டி அடுக்கு: குழாய் வாயில் பெரிய ஜல்லி, அடுத்துச் சின்ன ஜல்லி, பிறகு மணல், அப்புறம் மண். தண்ணீர் போகலாம், மண் போகக் கூடாது. போலீஸார் தேரோட்டத்தில் ஏன் இப்படி நிறுத்துவதில்லை என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டாம்; உவமையை இதற்குமேல் இழுத்தால் வடம் அறுந்துவிடும்.

இனி அந்த இரண்டு குடம். நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பார்க்கும், அளவைப் பார்க்காது என்பது பள்ளியில் படித்ததுதான். படித்ததை நம்புவதுதான் கஷ்டம். சுவருக்குப் பின்னால் பிளவக்கல் அணையே நின்றாலும், ஒரு சென்டிமீட்டர் இடுக்கில் தண்ணீர் நின்றாலும், ஆழம் ஒன்று என்றால் சுவர் மீதான விசை ஒன்றே. நம் சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை ஒட்டி, 3 மீட்டர் ஆழத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தண்ணீர் நிற்கட்டும். மொத்தம் 30 லிட்டர். பெரிய குடத்தில் இரண்டு. அது சுவரைத் தள்ளும் விசை சுமார் நாலரை டன். பின்னால் குவிந்த மண் மொத்தமும் சேர்ந்து தள்ளியதே 2.7 டன்தான். மண் முழுக்க ஊறினால், மிதப்பதால் அதன் பங்கு ஒன்றரை டன்னாகக் குறையும். தண்ணீரையும் கூட்டினால் 6 டன். வடிந்த மண்ணுக்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர் இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறது. அதே நேரம் அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்த நீர் சுவரை மேலே தூக்கி, அதன் பிடிமானத்தையும் குறைக்கிறது.

மண்ணிடம் ஒரு பெருந்தன்மை உண்டு. சுவர் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தாலே போதும், துகள்கள் தங்கள் உராய்வையெல்லாம் திரட்டிக்கொண்டு தள்ளலைக் குறைத்துக்கொள்ளும். மேலே சொன்ன 2.7 டன் அப்படி விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சுவது. இம்மியும் அசையாத சுவரின் மேல் அதே மண் 4 டன் வரை தள்ளும். தண்ணீரிடம் இந்தப் பேரம் நடக்காது. சுவர் நகர்ந்தால், விரிந்த இடுக்கை நிரப்ப மழை இன்னொரு குடம் ஊற்றும். மறுபடி அதே நாலரை டன்.

வரலாறு வேண்டுவோருக்கு ஒரு பத்தி. மண் சுவரைத் தள்ளும் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் மின்னூட்ட விதியால் நாம் அறிந்த அதே கூலும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளராக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டியவர். கட்டுரை அச்சானது 1776இல். ராங்கின் 1857இல் அதை வேறு வழியில் எளிமையாக்கினார். நீரழுத்தத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் மண்ணின் பலம் என்று 1920களில் தெளிவாக்கியவர் டெர்சாகி. மூவரும் சொன்னதைப் பயன்படுத்த மூவரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செய்தித்தாளில் “சுவர் இடிந்து” என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லா விபத்தும் அடங்கிவிடுகிறது. அப்படி அடக்குவது தவறு. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் நடூரில், மழைக்கு நடுவே ஓர் உயரமான காம்பவுண்டு சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; அங்கே இயற்பியலுக்கு இரண்டாம் இடம்தான். 2024 பிப்ரவரி 7இல் ஊட்டி அருகே லவ்டேலில், தடுப்புச் சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில், மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக்காலமே இல்லை. சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பது சும்மா இருக்காது என்பதுதான் அதன் பாடம். அதே ஆண்டு டிசம்பர் 1இல், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வ.உ.சி. நகர் வீட்டை மூடியதில் 7 பேர் போனார்கள். மலையே இறங்கி வந்தால் பத்தடிச் சுவர் ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் மனை போடாமல் இருப்பது ஒன்றே வழி.

நம் ஊர்ப்பக்கம் நடக்கும் தவறு வேறு ரகம். சுவர் கட்டியாயிற்று, பின்னால் நிரப்ப மண் வேண்டும். பக்கத்தில் கண்மாய் தூர்வாருகிறார்கள், டிராக்டர் மண் மலிவு. வயலுக்கு அமிர்தமான அந்த வண்டலும் கரிசலும் சுவருக்கு விஷம். கரிசலில் உள்ள களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பும்போது சுவரைத் தள்ளும். கோடையில் சுருங்கி வெடிப்பு விடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக நேரே சுவரின் முதுகுக்கு இறங்கும். இறங்கியது வடியாது. செலவைப் பாராமல் சுவரை ஒட்டி ஓரடி, ஒன்றரையடி கனத்துக்காவது ஜல்லி, அதற்கப்பால் கிராவல் என்று போடுங்கள். மண் ஜல்லிக்குள் புகாமலிருக்க நடுவில் வடிகட்டித் துணி விரிக்கலாம். குழாய் மூன்று, நான்கு அங்குலம், நாலைந்து அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வாக. அதைவிட முக்கியம், தண்ணீரை உள்ளே விடாதது: சுவரின் தலைமாட்டில் ஒரு வாய்க்கால். மாடித் தண்ணீர்க் குழாயைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விடுபவர்களும், செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியை அங்கேயே தோண்டுபவர்களும், மழைக்குக்கூடக் காத்திராமல் அந்த இரண்டு குடத்தைத் தினமும் ஊற்றுகிறார்கள்.

சிமெண்டுக்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்களிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது: சிமெண்டைக் கூட்டுவதால் இந்தப் பிரச்சினை தீராது. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கு இந்தியத் தரநிர்ணயம் ஒன்று உண்டு, ஐ.எஸ். 14458. அதன் மூன்றாம் பகுதி முழுவதும் கலவையே இல்லாமல் வெறுங்கல் அடுக்கும் சுவரைப் பற்றியது. அங்கே சுவர் முழுக்க ஓட்டை. தண்ணீர் தங்க இடமே இல்லை. எந்தக் கல் சுவரும் தன் எடையால்தான் நிற்கிறது, ஆகவே அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். ஆறடி மண்ணைத் தாங்க ஹாலோ பிளாக்கை ஒற்றை வரிசையாக அடுக்கியிருப்பவர்களுக்கு எந்தத் தரநிர்ணயமும் உதவாது. இவர்களில் பலர் கட்டியது காம்பவுண்டு சுவர். பிறகு உள்ளே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் வேலையை மாற்றிவிட்டார்கள். சுவருக்கு யாரும் சொல்லவில்லை.

இனி விளம்பரங்கள். ‘நானோ’ பூச்சு, ‘ஜெர்மன் தொழில்நுட்ப’ நீர்க்காப்பு என்று சுவரின் முகத்தில் தடவ ஆயிரம் சரக்கு வருகிறது. முகத்தில் தடவுவது முதுகில் நிற்கும் தண்ணீரை ஒன்றும் செய்யாது. பூசுகிற ஆள் அழகுக்காகக் குழாய் வாயையும் சேர்த்து மெழுகிவிட்டுப் போவதுதான் நடக்கும். ஒவ்வொரு நிலச்சரிவுக்குப் பிறகும் செயற்கை நுண்ணறிவு முன்னெச்சரிக்கைக் கருவி என்று ஓர் அறிவிப்பு வருவதும் வாடிக்கை. பெரிய மலைச்சரிவுகளுக்கு உணர்கருவிகள் பயன்படலாம், மறுக்கவில்லை. வீட்டுச் சுவருக்கு இரண்டடி பிவிசி குழாயை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை.

வாசகருக்குச் சில வார்த்தைகள். பெருமழையில் குழாய் தெளிந்த நீரைக் கொட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். தொடர்ந்து கலங்கலாக வந்தால் பின்னால் மண் கரைகிறது, வடிகட்டி அடுக்கு சரியில்லை. எல்லா வீட்டுச் சுவரும் ஒழுகும்போது உங்கள் சுவர் மட்டும் காய்ந்திருந்தால் அதற்குப் பெருமைப்படாதீர்கள். சுவர் நடுவில் வயிறு தள்ளினாலோ, கிடைமட்டமாக விரிசல் விட்டாலோ அதன் கீழே யாரையும் படுக்க விடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கீழ்மனையில் இருப்பவரிடமும் சொல்லுங்கள், விழுந்தால் அவர் வீட்டின் மேல்தான் விழும்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு நீளக் கம்பியை எடுத்து ஒவ்வொரு குழாயிலும் விட்டுப் பாருங்கள். ஜல்லியில் முட்டினால் சரி. சேறு வந்தால் அடைப்பு, சுத்தம் செய்யுங்கள். சிமெண்டில் முட்டினால் அது குழாயே அல்ல, அலங்காரம். மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிடுங்கள்.