பெறுபேற்றுக்கு இவ்வளவு பணம்: ஒரு பழைய விடுதிப் பாடசாலையின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு 'சென் பற்றிக்ஸ்' என்ற பெயர் புதிதல்ல. புனித பத்திரிசியார் அயர்லாந்தின் காவற் புனிதர். 1936 முதல் அக்கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளாரும் அயர்லாந்துக்காரர்தான். அவர் பிறந்த நாட்டில் அந்தக் காலத்துக் கத்தோலிக்க ஆண்கள் விடுதிப் பாடசாலைகள் எப்படி நடந்தன என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நான் தொழிலால் கணக்காளன். எதைப் பார்த்தாலும் 'காசு எங்கிருந்து வந்தது?' என்றுதான் முதலில் தேடுவேன். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் உதவியது.

அக்காலத்தில் அயர்லாந்து பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. வசதியான கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆண்பிள்ளைகளை, இயேசு சபையார் 1814இல் தொடங்கிய க்ளொங்கோவ்ஸ் வூட் கல்லூரிக்கோ, பரிசுத்த ஆவி சபையார் 1860இல் டப்ளினுக்கு அருகே தொடங்கிய பிளாக்றொக் கல்லூரிக்கோ அனுப்பினார்கள். காலையில் பூசை, பிறகு இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், கணிதம், பின்னேரம் விளையாட்டு, இரவில் மேற்பார்வையோடு படிப்பு. தவறினால் உள்ளங்கையில் தோல்வார் அடி. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் 1888இல் க்ளொங்கோவ்ஸில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. தந்தைக்குப் பண நெருக்கடி வரவே, மூன்று வருடத்தில் அவர் அங்கிருந்து நிற்க வேண்டியதாயிற்று.

படித்து முடித்தவர்கள் சட்டம், மருத்துவம், அரச சேவை என்று போனார்கள். இந்தியாவுக்கும் வந்தார்கள். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாப்பை ஆண்ட மைக்கேல் ஓ'ட்வையர், இயேசு சபையாரின் இன்னொரு ஐரிஷ் விடுதிப் பாடசாலையில் படித்தவர். அதே காலத்துப் பாடசாலைகள்தான் மறுபக்கம் ஈமன் டி வலேராவையும் தந்தன. அவர் 1898இல் பிளாக்றொக்கில் சேர்ந்தவர்.

இனிக் கணக்குக்கு வருவோம். கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளுக்கு நேரடியாக உதவ அரசு விரும்பவில்லை. ஆகவே 1878இல் ஒரு சுற்றுவழிச் சட்டம் வந்தது. மாணவன் பொதுப் பரீட்சையில் சித்தியடைந்தால் அவனுடைய பாடசாலைக்குப் பணம். அரச திருச்சபை என்ற தகுதியை இழந்திருந்த அயர்லாந்துத் திருச்சபையின் சொத்திலிருந்து இதற்காகப் பத்து இலட்சம் பவுண் ஒதுக்கினார்கள். ஏறத்தாழ இதே முறைதான் அந்நாட்களில் இலங்கையில் உதவி பெற்ற பாடசாலைகளுக்கும் இருந்தது.

விளைவை நீங்களே ஊகிக்கலாம். பரீட்சையில் பணம் தராத பாடம் ஓரத்துக்குப் போனது. கெட்டிக்காரப் பையன் பாடசாலைக்கு வருமானம், மந்தமான பையன் செலவு. பெறுபேறுகள் பத்திரிகையில் வெளிவர, எந்தக் கல்லூரி முதலிடம் என்ற போட்டி சூடு பிடித்தது. இன்றைய ரியூஷன் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐந்தொகையில் தெரியாத இன்னொரு வரவும் உண்டு. துறவிகளுக்குச் சம்பளம் கிடையாது. இலத்தீன் படிப்பித்த குருவானவரும் விடுதியைப் பார்த்த சகோதரரும் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அவர்களுடைய உழைப்புக்குச் சந்தை விலை போட்டுப் பார்த்தால், இந்தப் பாடசாலைகளில் எத்தனை தங்கள் சொந்தக் காலில் நின்றிருக்கும் என்பது சந்தேகம்தான்.

இதை நிரூபித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு, அவர் விரும்பாமலே. பற்றிக் பியர்ஸ் சட்டம் படித்த டப்ளின்காரர், பக்தியுள்ள கத்தோலிக்கர், ஐரிஷ் மொழிப் பத்திரிகை ஆசிரியர். 1905இல் பெல்ஜியத்துக்குப் போய் இரு மொழிகளில் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். 1908 செப்டெம்பரில் டப்ளினின் ரனலா பகுதியில் புனித எண்டா பாடசாலையைத் தொடங்கினார். கத்தோலிக்கப் பாடசாலைதான், ஆனால் நடத்தியது துறவற சபை அல்ல, ஒரு பொதுநிலையினர். ஏறத்தாழ 40 பையன்களோடு ஆரம்பம். ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் பாடம். தோட்டவேலை, நாடகம், பாடசாலைச் சஞ்சிகை. மாணவத் தலைவரை மாணவர்களே தெரிவு செய்தார்கள். பையன் சொல்வதை நம்புவதுதான் பியர்ஸின் வழி. பெறுபேற்றுக்குப் பணம் என்ற ஏற்பாட்டை வெறுத்த அவர், அயர்லாந்தின் கல்வி முறையையே 'கொலை இயந்திரம்' என்று பெயரிட்டு ஒரு பிரசுரம் எழுதினார்.

ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டுமே! தம்பி வில்லி சித்திரமும் நாடகமும் பார்த்தார், தாயார் வீட்டுப் பொறுப்பைப் பார்த்தார். அதற்கு மேல் எல்லாம் காசு. 1910இல் பியர்ஸ் நகருக்கு வெளியே ரத்பார்னமில் 50 ஏக்கர் வளவோடு ஒரு பெரிய மாளிகையை எடுத்தார். கணக்காளனாக நான் பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன். தூரம் கூடியதால் வீட்டிலிருந்து வந்து போன பையன்கள் நின்றுவிட்டார்கள். பழைய கட்டிடத்தில் தொடங்கிய பெண்கள் பாடசாலை 1912இல் மூடப்பட்டது. கடன்காரர் வாசலில்.

உதவி வந்த ஒரு இடம் என்னை வியக்க வைத்தது. 1913 மே மாதம் டப்ளின் ஆபே அரங்கில் இப்பாடசாலைக்கு நிதி சேர்க்க இரண்டு நாடகங்கள் நடந்தன. ஒன்று பியர்ஸ் எழுதியது. மற்றது இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'. தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்குச் சில மாதங்களின் பின்னர்தான். கவிஞர் யேட்ஸ், தாகூரின் சாந்திநிகேதனையும் பியர்ஸின் பாடசாலையையும் ஒரே மாதிரியான முயற்சிகளாகக் கண்டார். 1914இல் பியர்ஸ் அமெரிக்காவுக்கே போய்ப் பணம் சேர்த்தார். கடன் தீரவில்லை.

1916 ஏப்ரல் 24இல் டப்ளின் தபால் தலைமையகத்தின் முன் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் இந்த அதிபர்தான். மே 3இல் அவரும், உதவி அதிபராக இருந்த தோமஸ் மக்டொனாவும் சுடப்பட்டார்கள். மறுநாள் தம்பி வில்லி. மரணத்துக்குச் சற்று முன் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், பண விஷயங்கள் பற்றி இரண்டு தாள்கள் எழுதி வைத்திருப்பதாகப் பியர்ஸ் சொல்கிறார். அந்த வரியை வாசித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இவை கட்டணம் கட்டிய பிள்ளைகளின் பாடசாலைகள். நீதிமன்றம் அனுப்பிய ஏழைப் பையன்களுக்குத் தொழிற்பாடசாலைகள் இருந்தன. அவற்றிலும் பலவற்றைத் துறவற சபைகளே நடத்தின. அங்கே அரசு பணம் கொடுத்தது தலைக்கு இவ்வளவு என்று. பிள்ளை கூடினால் வருமானம் கூடும். இருபதாம் நூற்றாண்டில் அந்த நிறுவனங்களில் நடந்த அடியும் பட்டினியும் பாலியல் துன்புறுத்தலும் 2009இல் அயர்லாந்து விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையில் பக்கம் பக்கமாக வெளிவந்தன. ஐரிஷ் கல்வி பற்றிப் பேசுகிறவர் அந்த அறிக்கையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

பெறுபேற்றுக்குப் பணம் என்ற முறை சுதந்திர அரசு வந்தபின் 1924இல் ஒழிந்தது. புனித எண்டாவைத் தாயார் தொடர்ந்து நடத்தினார். 1920இல் அமெரிக்க ஐரிஷ் மக்களின் பணத்தில் மாளிகை சொந்தமானது. ஆனாலும் பாடசாலை 1935இல் மூடப்பட்டது. பியர்ஸின் சகோதரி 1968இல் காலமான பின் அது அரசிடம் போய், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் டப்ளின் போனபோது அங்கும் போனேன். பெரிய வளவு, நிறைய மரங்கள். வாசலில் பணப்பையை எடுத்தேன். நுழைவுக் கட்டணம் இல்லை என்றார்கள்.