கிராபிக்ஸ் கார்டு: கணினியைத் திறந்து பார்த்தபின் கடைக்குப் போகலாம்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோப்பா, கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்" என்று பிள்ளை கேட்கும்போது, விளையாடத்தான் கேட்கிறான் என்று சில பெற்றோர் மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து, கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்கு அழைத்துச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகின்றனர். சில நூறு ரிங்கிட் செலவான பிறகுதான், அந்தக் கார்டு வீட்டுக் கணினிக்குள் நுழையவே இல்லை என்பது தெரிய வருகிறது.

திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. பள்ளிப் பாடம், இணைய வகுப்பு, யூடியூப் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கணினிகளில் பிராசசருடன் சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் வசதி போதும். (பெயரின் இறுதியில் 'எஃப்' என்றுள்ள இன்டெல் பிராசசர்களில் அது இருக்காது.) அந்த வசதி கணினியின் ரேம் நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ஒற்றை ரேம் இருக்கும் கணினியில் அதே வகையில் இன்னொன்றைப் பொருத்தினாலே வேகம் கூடுவதைக் காணலாம். முதலில் செய்து பார்க்க வேண்டியது இந்தச் சிறிய செலவைத்தான். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை படிக்கும் மாணவர்களுக்கும், புதிய விளையாட்டுகளை விளையாடுவோருக்கும்தான் தனிக் கார்டு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

தேவை என்று முடிவானால், கடைக்குப் போகுமுன் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்ப்பது அவசியம். நம் வீடுகளில் பல, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த ஒல்லியான கணினிகள். அவற்றில் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும். பவர் சப்ளையும் சிறியது. கார்டு செருகப்படும் இடத்திலிருந்து அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும். அந்தக் கம்பி இல்லாத கணினிக்கு, தனிக்கம்பி கேட்காத கார்டு ஒன்றே பொருந்தும். 2024ல் வந்த 6 ஜிகாபைட் 'ஆர்டிஎக்ஸ் 3050' அத்தகையது. 70 வாட் போதும்.

இங்கேதான் பெயர்க் குழப்பம் வருகிறது. அதே 'ஆர்டிஎக்ஸ் 3050' என்ற பெயரில் 2022ல் வந்த 8 ஜிகாபைட் கார்டு 130 வாட் கேட்பது, வேகமும் அதிகம். இதைவிட மோசமானது 'ஜிடி 1030' கதை. 2017ல் வந்த கார்டின் நினைவகம் விநாடிக்கு 48 ஜிகாபைட் தரவைக் கடத்தியது. மறு ஆண்டு அதே பெயரில் வந்த மலிவான கார்டு கடத்தியதோ 16.8 ஜிகாபைட்தான். நினைவகத்தின் அளவு இரண்டிலும் 2 ஜிகாபைட்! அளவை மட்டும் கேட்டு வாங்கியவர் ஏமாந்தார். அட்டைப் பெட்டியில் நினைவகத்தின் வகையையும் படிக்க வேண்டும்.

வீடியோ எடிட்டிங் செய்வோருக்கு இன்னொரு கண்ணி உண்டு. 2022ல் வந்த 'ஆர்எக்ஸ் 6400', 'ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி' ஆகிய மலிவுக் கார்டுகளில் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் வசதியே இல்லை. இன்டெல்லின் 'ஆர்க்' கார்டுகள் இதில் வல்லவை. ஆனால் பழைய கணினிகளில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பழைய கார்டு வாங்குவது தவறில்லை. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயத்தைக் கார்டு கொண்டு 'தோண்டும்' முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விசிறி இரைகிறதா என்று கவனித்து, அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள், பழைய சில்லுக்குப் புதுப்பெயர் சூட்டிய போலிக் கார்டுகளையும் காட்டிக் கொடுக்கும்.

பொருத்திய பின்னும் வேகம் கூடவில்லை என்றால் பதறத் தேவையில்லை. திரையின் கம்பி புதிய கார்டில் செருகப்படாமல் பழைய இடத்திலேயே இருக்கலாம், அடிக்கடி நடப்பதுதான்.

கடை ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுதான பொருளை மாற்றித்தரக் கடைக்காரர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு வழக்கறிஞர் இன்றியே மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட்.