மடித்த தாளில் கோலம் விரிவது எப்படி?

மலேசிய மலையூரான கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தீபாவளிக் கோலம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குச் சமச்சீர் புதிதல்ல. தூரிகையே இல்லாமல், ஒரு சதுரத் தாளிலும் அதை வரவழைக்கலாம்.

தாளைப் பாதியாக மடித்துப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் கெட்டியான போஸ்டர் வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் மறுபாதியிலும் அதே உருவம். மடிப்புக்கோட்டிலிருந்து ஒரு சொட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, எதிர்ப்பக்கமும் அவ்வளவே தள்ளிப் பதிகிறது. ஈரம் காயுமுன் குறுக்கே மடித்தால் நான்கு. மூலைக்கு மூலை மடித்தால் எட்டு. மலைக்குளிரின் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகவே காயும் என்பதால் சின்னக் கைகளுக்கும் அவகாசம் உண்டு.

பிரித்ததும் பாருங்கள், வண்ணத்தில் இலை நரம்பு போலக் கிளைகள்! யாரும் வரையாதவை. தாள்கள் விலகும்போது காற்று உள்ளே நுழைகிறது. கெட்டி வண்ணத்தைக் காற்றால் ஒரே சீராகத் தள்ள முடியாது. விரல்விரலாகப் பிளந்து பாய்கிறது. அறிவியலாளர்கள் சாஃப்மனும் டெய்லரும் 1958இல் விளக்கிய நிகழ்வு இது.

மடிப்பு கண்ணாடிப் பிம்பத்தையே தருவதால், அதில் எல்லாக் கோலமும் வந்துவிடாது. சில சிக்குக் கோலங்களைக் கால்வட்டம் திருப்பினால் மாறாது. கண்ணாடியில் காட்டினால் மாறிவிடும். திரும்பும் வகைக்கு உருளைக்கிழங்கு அச்சே போதும்: நடுப்புள்ளியைச் சுற்றித் தாளைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி, ஒரே இடத்தில் குத்த வேண்டும்.