பில் கணிப்பொறியின் சாவி யாரிடம்?

இரவு கடையடைத்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்புகிறோம். கல்லாச் சாவியை மைத்துனரிடம் கொடுக்கவும் யோசிப்போம். ஆனால் பில் போடும் கணிப்பொறிக்குள் வெளியிலிருந்து நுழையும் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

கணக்கு எழுதுபவர் வீட்டிலிருந்தே வேலையை முடிக்கிறார். சாஃப்ட்வேர்காரர் தம் ஊரிலிருந்தே பழுது நீக்குகிறார். முதலாளி குடோனில் இருந்தபடி கடை இருப்பைப் பார்க்கிறார். வசதிதான், மறுப்பதற்கில்லை. அதற்காகத் திறந்த வழியை வேலை முடிந்தபின் மூடுகிறோமா?

அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனமான டார்கெட்டில் 2013ஆம் ஆண்டு இறுதியில், பண்டிகை வியாபாரம் மும்முரமாக நடந்த வாரங்களில், சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போயிற்று. கடைகளின் குளிர்பதன வேலையைச் செய்துவந்த ஒப்பந்தக்காரருக்கு அந்நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழையப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். திருடர்கள் அதைக் களவாடிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அங்கிருந்து கல்லா இயந்திரங்கள் வரை போக முடிந்ததுதான் வேதனை. ஏ.சி. பார்க்க வந்தவருக்குக் கல்லா வரை வழி விட்ட கதை! வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2017இல் 47 மாநிலங்களுக்கும் தலைநகர்ப் பகுதிக்கும் சேர்த்து 1.85 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

நிற்க. நம் கடைகளுக்கு வருவோம். ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவோர் உண்டு. அப்படித் திறந்து கிடப்பவற்றை இரவு பகலாகத் தேடி, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு எத்தனை நேரம் தாங்கும்? போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்பார்கள். அது பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வைப்பதற்குச் சமம். உள்ளே புகுந்தவன் பைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். கொடுத்தாலும் பாக்கிப் பேரேடு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே அந்தப் போர்ட்டை மூடச் சொல்லி, வி.பி.என். வழியாக மட்டும் உள்ளே வர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பல ரவுட்டர்களிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அதோடு செல்போனுக்கு வரும் குறியீடும் வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நீக்கிவிட வேண்டும். சாஃப்ட்வேர்காரருக்கு அவர் கேட்கும்போது மட்டும் திறந்துவிட்டால் போதாதா? சி.சி.டி.வி. பெட்டியும் வாடிக்கையாளருக்கான வைஃபையும் பில் கணிப்பொறியோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டதையும் கவனியுங்கள்.

பேக்கப் எடுக்கிறோமே என்பார்கள் அன்பர்கள். செருகியபடியே விட்ட ஹார்ட்டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஒரு விடுமுறை நாளில் அதை வேறு கணிப்பொறியில் ஏற்றிக் கணக்கைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அன்றே தெரிந்துவிடும்.