எத்தனை வீடு? அதிலிருந்துதான் விதைப்பு

நேரடி விற்பனை என்றதும் "என்ன விலை போகும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். "வாரத்துக்கு எத்தனை வீடு?" என்று கேளுங்கள். வேலையெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

20 வீடு, வாரம் 2 கட்டு சிறுகீரை என்றால் 40 கட்டு. பூச்சிக்கும் மழைக்கும் 10 சேர்த்து 50. சிறுகீரை சுமார் 25 நாளில் பறிப்புக்கு வரும். முதல் வருஷம் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்துவிட்டேன். நாலாம் வாரம் கட்டுக் கட்டாக மாட்டுக்குப் போட்டேன். அடுத்த வாரம் கொடுக்க ஒன்றுமில்லை. நாலு வீடு நின்றுபோச்சு. இப்போ ஒவ்வொரு செவ்வாயும் ஒரு பாத்தி மட்டும்தான் விதைக்கிறேன்.

சனிக்கிழமை கூடை. வாழைக்காய், முருங்கை, தேங்காயை வெள்ளி மாலையே எடுத்து வைத்துவிடுவோம். கீரை மட்டும் சனி விடியலில், வெயில் ஏறுமுன். கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, டவுனில் ஒரே இடத்தில் இறக்குவோம். வீடு வீடாக அலைவதில்லை. அலையும் நேரமும் கூலிதானே.

பாத்தி ஏமாற்றினாலும் கூடையை நிரப்புவது மரங்கள்தான். ஆரோவில்லில் கிருஷ்ணா மெக்கன்ஸி 1996-ல் தொடங்கிய சாலிட்யூட் பண்ணையைப் பாருங்கள். ஃபுகோகா வழியில் விளைவிக்கிறார்கள். கூடையும் உண்டு, உணவகமும் உண்டு. பப்பாளிக்காயைச் சமைத்துப் பரிமாறினால், அதை வாங்கவும் ஆள் வரும்.

அடுத்தது முன்பணம். பிரான்ஸில் 2001-ல் ஒபாஞ் ஊரில் தொடங்கிய 'அமாப்' முறையில், குடும்பங்கள் ஒரு பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே உழவரிடம் தந்துவிடும். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் பங்கு. 1970-களில் ஜப்பானில் வளர்ந்த 'தெய்கெய்' முறையும் உழவரும் நுகர்வோரும் நேரடியாகக் கைகோர்ப்பதுதான்.

வங்கியில் கடன் கொடுத்துப் பழகியவன் நான். நட்டத்தைப் பங்கிடுவோம் என்று முதலிலேயே பேசாவிட்டால் முன்பணமும் கடன்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. பாத்தியெல்லாம் தண்ணீரில் நின்றது. நான் எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை; வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போ சேரும்போதே சொல்லிவிடுகிறேன்: "ஐப்பசி, கார்த்திகையில் கூடை சின்னதாகும், புயல் வந்தால் ஒரு வாரம் வராமலும் போகும்." சிலர் தயங்கிப் போகிறார்கள். இருப்பவர்கள் நிலைக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 10 வீட்டோடு தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.