குளிர்நிலையில் தானியங்கி கியர்பெட்டிப் பழுதறிதல்

குளிர்நிலைப் பழுதறிதல் என்பது, இரவு முழுவதும் நின்ற மகிழுந்தைக் காலையில் முதன்முறை இயக்கும்போது அதன் தானியங்கி கியர்பெட்டி காட்டும் அறிகுறிகளைக் கொண்டு பழுதைக் கண்டறிவதாகும். இங்கு 'குளிர்நிலை' என்பது பருவக் குளிரை அன்று, எஞ்சின் சூடேறாத நிலையையே குறிக்கும்.

இயல்பும் பழுதும்

முறுக்குவிசை மாற்றி உள்ள கியர்பெட்டியில் எண்ணெய் அழுத்தமே கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கிறது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் கியர் விழச் சற்றுத் தாமதமாகலாம். உதகமண்டலத்தில் பனிக்கால விடியலில் இது வியப்பன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பகுதியில் மார்கழியிலும் கடுங்குளிர் இல்லை. எனவே இங்கு 'டி' நிலையில் போட்டுச் சில வினாடிகள் கழித்தே வண்டி நகர்ந்தால், பழியைக் குளிர்மேல் போட முடியாது.

காரணங்கள்

* எண்ணெய் குறைதல்
* ரப்பர் சீல்கள் இறுகிப்போதல். நெடுங்கால வெப்பம் இதற்கு முக்கியக் காரணம்
* நிற்கும்போது முறுக்குவிசை மாற்றியிலிருந்து எண்ணெய் வடிதல்

சோதிக்கும் முறை

சமதரையில் பிரேக்கை அழுத்தியபடி 'ஆர்', 'டி' நிலைகளில் மாற்றி, கியர் விழும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் அளவுகோல் உள்ள வண்டிகளில் கையேடு கூறும் முறைப்படி அளவு பார்க்கலாம். கருகிய வாடை கிளட்சுத் தேய்மானத்தைக் காட்டும்.

சூடேறியதும் சீல்கள் நெகிழ்வதால் பழுது மறைந்துவிடும். ஆகவே வண்டியை முந்தைய மாலையே பட்டறையில் விட்டு, காலை முதல் இயக்கத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. பழைய வண்டி வாங்குவோரும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2014-இல் மாருதி சுசூகி செலெரியோ மூலம் இந்தியாவில் அறிமுகமான ஏ.எம்.டி. வகையில் முறுக்குவிசை மாற்றி இல்லை. அதன் பழுதறிதல் வேறு.